ஐம்பத்திரண்டு கிலோவுக்கான பலகை

பதினோராவது தடவையாக எழில் ஏரித் தண்ணீரில் குப்புற விழுந்தபோது, கரையில் நின்ற தம்பி இளவரசன் சிரித்துவிட்டான். அந்த வாரம் அவன் செய்த தப்புகளில் அதுதான் சின்னது.

கீழ்பென்னாத்தூர் ஏரி இந்தத் தை மாதம் தளும்பிக் கிடந்தது. காற்றும் நல்ல காற்று. பலகை மேல் நின்று, கயிற்றை இழுத்துப் பாயைத் தூக்கி, காற்றைப் பிடிக்க வேண்டும். விண்ட்சர்ஃபிங் என்பது அவ்வளவுதான். புதுச்சேரியில் இதைக் கற்றுத்தரும் பள்ளியில் நாலு ஞாயிற்றுக்கிழமை பழகியபோது மொத்தமே ஆறு தடவைதான் விழுந்தாள். இந்தச் சனியன் பிடித்த பலகையோ காலை வைத்த பக்கமெல்லாம் கவிழ்ந்தது.

இன்னும் மூன்று வாரத்தில் அதே பள்ளியில் தேர்வு. சொந்தப் பலகையோடு வந்து, விழாமல் கடலில் மிதவை வரை போய்த் திரும்பினால் உதவிப் பயிற்சியாளர் வேலை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் அஞ்சு வருஷமாக ஊரார் ஆதார் அட்டையை நகல் எடுத்துக்கொண்டிருப்பவளுக்கு, இதை விட்டால் வேறு வாசல் கிடையாது. இருக்கிற இன்னொரு வாசல் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

சொட்டச் சொட்டக் கரையேறி, பலகையை விற்ற புதுச்சேரி மாறனுக்குப் போன் போட்டாள்.

"என்னாங்க இது? பழசுனாலும் உருப்படியா இருக்கும்னுதானே வாங்கினேன்? யாரும் வாங்காததை என் தலையில கட்டிட்டீங்களா?"

"கத்தாதீங்க மேடம். போர்டுல ஒரு குறையும் இல்ல. புதுசா கத்துக்கிறவங்களுக்கு எடைய கேட்டுட்டுத்தான் குடுப்பேன். போர்டோட கொள்ளளவு, ஆள் எத்தனை கிலோவோ அதுக்கு மேல எண்பது லிட்டராவது ஜாஸ்தி இருக்கணும், இல்லன்னா ஆடும். உங்களுக்கு அம்பத்திரண்டு கிலோனு மெசேஜ் வந்துச்சு. அதான் சின்ன போர்டா குடுத்து அனுப்பினேன்."

ஐம்பத்திரண்டா! எழில் தம்பி பக்கம் திரும்பினாள். அவன் பேந்தப் பேந்த விழித்தான்.

"டேய், என் எடைய அம்பத்திரண்டுனு எவன்டா சொன்னது?"

"நான்தான்க்கா. அவர் கேட்டாரு, நீ போன் எடுக்கல. அம்மா கல்யாணத் தரகருக்கு அனுப்பின பயோடேட்டா என் போன்ல இருந்துச்சு. அதுல போட்டிருந்ததைத்தான் அனுப்பினேன்."

"கண்ணு அவிஞ்சா போச்சு? தினம் பாக்குறியே, என்னைப் பாத்தா அம்பத்திரண்டாடா?"

"நானா ஜாஸ்தியா சொன்னா நீ சும்மா விடுவியா?"

அவன் மண்டையில் பாய்க்கம்பாலேயே ஒன்று போட வேண்டும் போல வந்தது. அம்மா ஜோதியம்மாள் மேல் அதைவிட ஆத்திரம். "கம்மியா போட்டாதான் ஆளுங்க வருவாங்க, நேர்ல பாத்தா ஒத்துக்குவாங்க" என்று சொன்ன அதே அம்மாதான் இன்று காலை, புது வண்டிக்குச் செய்வது போலப் பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பினாள். பலகையே தப்பு, அதற்குப் பூசை ஒரு கேடு!

ஆனால் திட்டத் திட்ட ஒன்று உறைத்தது. அந்த ஐம்பத்திரண்டை டைப் அடித்தது யார்? அவள்தான். தன் கடைக் கம்ப்யூட்டரில், தன் விரலால். கலர் பிரிண்ட் பத்து எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். நேற்று வேனிலிருந்து பலகையை இறக்கியபோது, ஒல்லியாக எவ்வளவு அழகு என்று தடவிப் பார்த்தவளும் அவள்தான். தூ, என்று தரையில் துப்பினாள்.

போனில் மாறன் இன்னும் இருந்தான். "அகலமான போர்டு ஒண்ணு இருக்குது மேடம். நாலு மணிக்கு ஒருத்தர் பாக்க வர்றாரு. இதைக் கீறல் இல்லாம கொண்டாந்தா மாத்தித் தர்றேன். நிஜமான எடைய மட்டும் மெஷின்ல நின்னு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. மறுபடி வம்பு வேணாம்."

இளவரசன் ஓட்டி வந்த வேனில் பலகையை ஏற்றிக் கட்டி, நேரே மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிற மணிலாக் கொட்டை மண்டிக்குப் போகச் சொன்னாள். மூட்டை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் நடுவே, ஈரத்துணியோடு தராசு முன்னால் போய் நின்றாள்.

எடை போடும் கண்ணாயிரம் நிமிர்ந்து பார்த்தார். "மூட்டை எங்கம்மா?"

"நான்தான் மூட்டை. போடுங்க."

தட்டில் ஏறினாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன: 76.4. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"ஈரத்துக்கு ஒரு கிலோ கழிச்சுக்கலாம்க்கா" என்றான் இளவரசன், போனைத் தூக்கிப் பிடித்தபடி.

"ஒரு கிராம் கழிச்சே, தொலைஞ்சே. எடுடா போட்டோவ."

மாறனுக்கு அனுப்பினாள். 'எடுத்து வைக்கிறேன், வாங்க' என்று உடனே பதில் வந்தது. அவள் விரல் அதோடு நிற்கவில்லை. அதே படத்தைத் தரகருக்கும் அனுப்பினாள். கீழே எழுதினாள்: 'பயோடேட்டாவில் எடை தப்பு. நான்தான் தப்பாக அடித்தேன். இதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வரட்டும்.'

புதுச்சேரிக்குப் போகும் செஞ்சி ரோட்டில் வேன் ஏறும் முன்பே இளவரசனின் போன் அலறியது. எடுத்துக் காதில் வைத்தவன், அந்தப் பக்கத்து அழுகையும் வசவும் தாங்காமல் போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அக்கா, அம்மா. தரகர் சொல்லிட்டாராம். பொண்ணு மானத்தை வாங்கிட்டா, இப்ப மாப்ள வீட்டுக்கு என்னனு பதில் சொல்லுறதுனு கேக்குறாங்க."

"எழுபத்தாறு புள்ளி நாலுனு சொல்லு" என்றாள் எழில். "சொல்லிட்டு வண்டிய மிதி. நாலு மணிக்குள்ள போகணும்."