வேண்டாம் என்றால் வேண்டாம்

வேலை அனுமதி வந்த நேரத்தில் அர்தலான் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். எண்ணெய் தெறிக்காமல் ஒரு கையால் திரையை மறைத்தபடி, உதடு அசையப் படித்தான். என் ஆராய்ச்சிப் படிப்பு முடியும்வரை என் கணவன் இந்த நாட்டில் யாரிடமும், எந்த வேலையும் செய்யலாம். அடுப்பை அணைத்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அதைத் தாளமாக எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

கனடாவின் எட்மன்டனுக்கு நாங்கள் வந்து ஒரு முழுக் குளிர்காலம் ஆகியிருந்தது. ஈரானில், எங்கள் ஷிராஸில், அவனுக்குச் சொந்தமாகக் கண்ணாடிக் கடை இருந்தது. லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்தினால் பாதித் தெரு அவன் கைபட்ட கண்ணாடியில்தான் பார்க்கும். இங்கே அவனுக்கு என் ஒருத்தியின் கண்ணாடிதான். அதை அவன் துடைத்த துடைப்பில் அது தேயாமல் இருந்ததே பெரிது. மசாலா டப்பாக்களை நிறவாரியாக அடுக்கினான், பிறகு எழுத்துவாரியாக மாற்றினான். அவன் அக்கா தொலைபேசியில், "என்னடா, பொண்டாட்டி படிக்கிறா, நீ பரீட்சைக்குப் பால் ஆத்துறியா?" என்பாள். அவனும் சிரிப்பான். ஆனால் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, வழக்கம்போல என் பெயரோடு 'ஜான்', அதாவது 'உயிரே', என்று சேர்த்துச் சொன்னான்.

"நவ்ரூஸுக்குள்ள ஒண்ணும் அமையலேன்னா நான் ஊருக்குப் போறேன், நஸ்தரன் ஜான். உன்மேல கோபமில்ல. சும்மா உக்காந்திருந்தா புளிச்சுப் போயிடுவேன்."

"உனக்கு எது நிம்மதியோ அதைச் செய்" என்றேன். எவ்வளவு நாகரிகமான பதில்.

நவ்ரூஸ், எங்கள் புத்தாண்டு, நெருங்கும் நேரத்தில்தான் அனுமதி வந்தது. இடமும் தயாராக இருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கண்ணாடிக் கடை வைத்திருக்கும் டோரீன், என் ஃபிரேமை அவன் தன் விரலாலேயே நிமிர்த்தியதைப் பார்த்துவிட்டு, "அனுமதி வந்ததும் நேரா இங்க வா" என்று சொல்லியிருந்தாள். அவன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி பாக்லவா இனிப்போடு போனான். முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான்.

"கேட்டாங்க. சனிக்கிழமையே வந்துடுறியான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம், உங்க கடைக்கு நான் எந்த மூலைக்குன்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"ஓ, சரி, பரவாயில்லன்னாங்க. நம்ம ஊர் வழக்கப்படி, உங்க கை வலிக்காம இருக்கட்டும்னு நன்றி சொன்னேன். பாவம், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"இன்னும் ரெண்டு தடவை கேப்பாங்கல்ல. முதல் தடவையே சரின்னு குதிக்க நான் என்ன பட்டினி கிடந்தவனா?"

எங்கள் ஊரில் டாக்சிக்காரர்கூட முதலில் காசு வேண்டாம் என்பார். நாம் வற்புறுத்த வேண்டும். அவர் மறுக்க வேண்டும். பிறகுதான் வாங்குவார். தாரோஃப் என்போம். 'வேண்டாம்' என்பது எங்களுக்கு வாசற்படி, கதவு அல்ல. டோரீனின் ஊரிலோ ஒருவர் வேண்டாம் என்றால் அதை மதிப்பதுதான் மரியாதை. அவள் அவனை நன்றாக மதித்துவிட்டாள்.

அவன் தொலைபேசியைக் குளியலறைக்கும் எடுத்துப்போனான். அது ஒலிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் பேருந்திலிருந்து இறங்கும்போது டோரீனின் கடைக் கண்ணாடியில் 'ஆள் தேவை' என்ற அட்டையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப அவங்களுக்கு என்னைப் பிடிக்கல."

"நீ வேண்டாம்னு சொன்னதை நம்பிட்டாங்க, மடையா. நாளைக்குப் போய் வேணும்னு சொல்லு."

"மறுத்த வாயால போய்க் கேக்கறதா? மானம்னு ஒண்ணு இருக்கு."

"பொண்ணு கேக்க வந்தப்ப எங்கப்பா என்ன சொன்னார்? எங்க பொண்ணு உங்க வீட்டுக்குத் தகுதியில்லன்னார். நீயும் ஓ, சரி, பரவாயில்லன்னு எழுந்து போயிருந்தா?"

கொஞ்சம் யோசித்தான். "இந்தக் கத்தரிக்காயை வேற யாரோ வதக்கியிருப்பான்."

பயிற்சி தொடங்கியது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு நான் டோரீன் ஆனேன்.

"வேலைக்கு வர்றியா?"

"உங்க நல்ல மனசு..."

தலையணையால் ஓர் அடி.

"வேலைக்கு வர்றியா?"

"நான் எந்த மூலை..."

இன்னோர் அடி. தலையணையின் தையல் விட்டுப் பஞ்சு வெளியே வந்தபிறகுதான், பெரியவர்கள் முன்னால் கெட்ட வார்த்தை பேசியவன்போலக் காது சிவக்க, "வர்றேன்" என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது. அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"எது நிம்மதியோ அதைச் செய்னு சொன்னியே, ஜான். அது நிஜமா? இல்ல, நான் இன்னும் ரெண்டு தடவை கேக்கணுமா?"

அதைச் சொன்ன நாளிலிருந்து நானும் அவன் திரும்பக் கேட்பான் என்று காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"போகாத" என்றேன். "முதல் தடவையே சொல்லிட்டேன், பாத்துக்க."

மறுநாள் காலை அவன் கடைக்குள் போனான். நான் பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல வெளியே, கடைக் கண்ணாடியை ஒட்டி நின்றேன். என் பேருந்து வந்தது, போனது. கண்ணாடிக்கு அப்பால் அவன் ஏதோ சொன்னான். டோரீன் கையிலிருந்த ஃபிரேமை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தலையைச் சாய்த்து ஏதோ கேட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளை மேலங்கியோடு வந்து நீட்டினாள். பழக்கதோஷம், அவனுடைய இரண்டு கைகளும் தானாக எழுந்து மறுப்பதற்கு விரிந்தன. அப்படியே அந்தரத்தில் நின்றன.

என் மூச்சுப்பட்டுக் கடைக் கண்ணாடியில் பனி படர்ந்து எல்லாம் மறைந்தது. கையுறையால் அவசரமாகத் துடைத்தேன். உள்ளே அவனுடைய ஒரு கை அங்கிக்குள் இருந்தது. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் அங்கியின் கைப்பகுதியைத் தேடித் தடவிக்கொண்டிருக்க, டோரீன் அதை அவனுக்கு வாகாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.