மொட்டைக் கார்

கூரை திறக்கிற கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் நாத்தனார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "கூரை இல்லாததுக்குக் காசு குறைச்சுக்குவாங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர். வாங்குவதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டதால் பின்வாங்கவும் வழியில்லாமல் போயிற்று.

எங்களிடம் இருந்தது ஏழு பேர் உட்காரும் பழைய வேன். அதன் கியர்பாக்ஸ் போய்விட்டது. அதை மாற்றும் செலவில் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். என் கணவரை அழைத்துப்போக அலுவலகத்திலிருந்து வண்டி வருகிறது. ஆக, தினமும் கார் தேவைப்படுகிற ஒரே ஆள் நான்.

அந்த வேனில் எனக்கு ஒரு இருக்கை இருந்ததே தவிர, அதை என் வேன் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பிள்ளைகளின் சைக்கிள், மாமியாரின் சக்கர நாற்காலி, நாத்தனாரின் பூந்தொட்டி, என் கணவரின் இரும்பு எடைக்கற்கள் எல்லாம் அதில் போயிருக்கின்றன. யாராவது பின்னாலிருந்து "இங்கே இறக்கிவிடு" என்று சொன்னால் இறக்கிவிடுவேன். எல்லோரும் இறங்கிய பிறகும் இருக்கைகளுக்கு அடியில் எதுவோ உருண்டுகொண்டிருக்கும்.

பகலெல்லாம் நான் இருட்டறையில் இருப்பவள். கண்களைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் வேலை. ஜன்னல் கிடையாது; எதிர்ச் சுவரில் வெளிச்சமான எழுத்துகள் மட்டும். வருகிறவர்களின் கண்முன் ஒரு வில்லையை வைத்து, பிறகு இன்னொன்றை வைத்து, "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?" என்று கேட்பேன். இதைவிட எளிய கேள்வி இருக்க முடியாது. ஆனாலும் மனிதர்கள் திணறிப்போவார்கள். எது சரியான பதில் என்று என் முகத்தில் தேடுவார்கள். யோசிக்காதீங்க, பார்த்ததும் சொல்லுங்க என்பேன். களைத்துப்போனவர்கள் கடைசியில், "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். இரண்டில் ஒன்று அவர்களுக்குப் பிடித்திருக்கிறது; அதைச் சொல்லப் பயம்.

மாலையில் அந்த அறையிலிருந்து வெளியே வந்து இன்னொரு பெட்டிக்குள் ஏற எனக்கு மனமில்லை. வானம் தெரிய வீட்டுக்குப் போகவேண்டும். அவ்வளவுதான் ஆசை. சொல்லிக்கொள்ள அதிலொன்றும் பெரிய தத்துவம் இல்லை.

என் கணவர் லிஃப்ட் சோதிப்பவர். உயர்ந்த கட்டடங்களில் லிஃப்டுக்குள் எடைக்கற்களை ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா, கயிறு தாங்குகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். "நல்ல நாள்ல எல்லா லிஃப்டும் நல்ல லிஃப்ட்தான்" என்பார். எதை வாங்கினாலும் மோசமான நாளை மனதில் வைத்தே வாங்குவார். எங்கள் குடை இரண்டு பேர் தூக்கவேண்டிய அளவுக்கு இருக்கும். மொட்டைக் கார் வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, "சரி, கம்பேர் பண்ணுவோம்" என்று சந்தோஷமாக எழுந்துகொண்டார்.

பழைய கார்கள் விற்கும் முற்றம் ஒன்றில் இரண்டு கிடைத்தன. கரும்பச்சையில் ஒன்று: சின்னது, தரையோடு தரையாக, இரண்டே இருக்கை, துணிக் கூரை, கையால் கியர் மாற்றவேண்டும். பின்பக்கக் கண்ணாடி பிளாஸ்டிக். மஞ்சள் பூத்துப் புரை விழுந்த கண் மாதிரி இருந்தது. இன்னொன்று சாம்பல் நிறம்: இரும்புக் கூரை, பொத்தானை அழுத்தினால் மடிந்து டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கியர் தானாக மாறும். பின்னால் இரண்டு இருக்கை இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். தோளில் துடைக்கும் துணியோடு அலையும் மனிதர் அவர். அந்த இருக்கைகளில் யார் உட்கார முடியும் என்று கேட்டதற்கு, "பை உட்காரும் மேடம்" என்றார் நேர்மையாக.

பச்சைக் காரில் என் கணவர் உட்கார்ந்து பார்த்தார். நல்ல உயரம் அவர்; அவருடைய தங்கை சின்ன வயதிலிருந்து அவரைக் கொக்கு என்றுதான் சொல்வாள். முழங்கால் எப்படியோ அடங்கிவிட்டது. தலை அடங்கவில்லை. துணிக் கூரை உச்சியில் அழுத்த, கழுத்தை என் பக்கம் சாய்த்து, மன்னிப்புக் கேட்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். "நல்லாதான் இருக்கு" என்றார் அந்தக் கோணத்திலேயே.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய பொருள் எதை வாங்குவதானாலும் முதலில் அதன் அளவைத் தரையில் வரைந்து ஒரு வாரம் அதோடு வாழ்ந்து பார்ப்போம். சோபா வாங்கும் முன் கூடத்தில் சோபா அளவுக்குச் செய்தித்தாளை ஒட்டி, அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். காருக்கும் அப்படியே. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எங்கள் இடத்தில் என் கணவர் சாக்பீஸால் இரண்டு கார்களையும் வரைந்தார். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் கால் குட்டையானவை இரண்டைக் கொண்டுபோய்ப் போட்டார். தூணிலிருந்து தூணுக்குக் கயிறு கட்டி அதுதான் கூரை என்றார். நான் வேலை முடிந்து வந்ததும் சாக்பீஸ் கதவைத் திறந்து உள்ளே உட்காரவேண்டும். காய்கறிப் பை எங்கே, குடை எங்கே, என் கண் சோதனைப் பெட்டி எங்கே என்று வைத்துப் பார்க்கவேண்டும். மேல் வீட்டுக்காரர் பக்கத்தில் வண்டி நிறுத்தும்போதெல்லாம் கோட்டைத் தாண்டாமல் மரியாதையாகச் சுற்றிப் போவார். ஒரு நாள், பெட்ரோல் இருக்கா என்று விசாரித்தார்.

முற்றத்துக்கும் போய்க்கொண்டிருந்தோம். அது மழைக்காலம். என் கணவர் துணிக் கூரையின் மேல் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி உள்ளே உட்கார்ந்து ஒழுகுகிறதா என்று பார்த்தார். மிதியடியைத் தூக்கி மோந்து பார்த்தார். சாம்பல் காரின் கூரை மடிவதை வெளியே நின்று திரும்பத் திரும்பப் பார்த்தார். அதன் பம்ப் ஒரு லிஃப்டின் பம்ப் போலவே இருந்ததால் அவருக்கு அதன்மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது. இரண்டையும் என்னை மழையில் ஓட்டச் சொன்னார். நெரிசலில் ஓட்டச் சொன்னார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் சாம்பல் காரே முந்தியது.

எனக்குப் பச்சைதான் பிடித்திருந்தது. அதன் கியர் கைக்குள் சொடுக்குப் போட்டதுபோல் விழுந்தது. ஆனால் அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் சாய்ந்த கழுத்தோடு அவர் உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது. இரண்டே இருக்கை உள்ள கார். அதில் ஒன்று என்னுடையது. மற்றதில் அவருக்கு இடமில்லை. அப்படி ஒரு காரைப் போய் நான் ஏன் விரும்பவேண்டும்?

ஒரு மதியம், இருட்டறையில் அடுத்தவருக்காகக் காத்திருந்தபோது இதைப் பற்றி நேராகவே யோசித்துப் பார்த்தேன். அவர் அடங்கவில்லை என்றாலும் அந்தக் காரை விரும்புகிறேனா? இல்லை, அவர் அடங்கமாட்டார் என்பதற்காகவே விரும்புகிறேனா? இரண்டாவது வில்லை வழியாகப் பார்த்தபோது நான் அவ்வளவு நல்லவளாகத் தெரியவில்லை. யாரும் பின்னாலிருந்து எதுவும் சொல்லாத, யாருக்கும் எதற்கும் வளைந்து போகாத, வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் முக்கால் மணி நேரம். அந்த ஆசையில் அவரை வெளியே நிறுத்தும் கதவு ஒன்றும் இருந்தது. அவரும் அதைப் பார்த்திருப்பாரோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் பச்சைக் காரின் சாக்பீஸ் கோட்டுக்குள் நான் உட்காரும்போது மட்டும் அவர் ஒன்றும் பேசுவதில்லையோ?

அன்று மாலையே, "சாம்பல் கலரையே எடுத்துக்கலாங்க" என்றேன்.

"பச்சை?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

சொல்லி முடித்ததும் என் குரல் எனக்கே பழக்கமான குரலாகக் கேட்டது. நாள் முழுவதும் கேட்கிற குரல். உனக்குச் சரின்னா எனக்கும் சரி என்றார் அவர்.

முன்பணம் கொடுக்கப் போன அன்று மழை விட்டிருந்தது. வேன் இல்லாததால் டாக்ஸியில் போனோம். நாத்தனாரும் தொற்றிக்கொண்டாள், முற்றத்துக்குப் பக்கத்தில் செடிகள் விற்கும் இடம் இருக்கிறதாம். நாங்கள் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கைகளிலும் இரண்டு தொட்டிகளோடு வந்து சேர்ந்தாள். இடுப்புயரச் செடிகள். தொட்டிகளை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கார்களையும் ஒரு சுற்று பார்த்தாள்.

"திறந்து ஓட்டினா எப்படி இருக்கு?" என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கடைக்காரர் தோள் துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தார்.

"மழையா இருந்துச்சுல்ல" என்றார் என் கணவர்.

"மொட்டைக் காரை இத்தனை நாளா தொப்பி போட்டே பார்த்துட்டு வந்தீங்களா?" நாத்தனாருக்குச் சிரிக்கக்கூட வரவில்லை, உண்மையிலேயே கவலைப்பட்டாள். "அண்ணா, நீ படிச்சவன்னு வெளியில சொல்லிட்டுத் திரியறேன்."

"தினசரி வண்டின்னா மோசமான நாளைத்தான்மா பார்க்கணும்" என்று அவர் ஆரம்பித்தார். வாக்கியம் பாதியிலேயே நின்றுவிட்டது. அவருடைய முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று நடந்தது. எல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்டுக்குக் கதவு வைக்க மறந்துவிட்டதைக் கண்டுபிடித்தவர் போல நின்றார்.

கடைக்காரர் பச்சைக் காரின் முன்கண்ணாடிச் சட்டத்தில் இருந்த இரண்டு கொக்கிகளை விடுவித்து, துணிக் கூரையைக் கையால் பின்னுக்குத் தள்ளினார். படுக்கையைச் சுருட்டும் வேலை போலத்தான் இருந்தது. என் கணவர் உள்ளே இறங்கினார். முழங்கால் அடங்கியது. முதுகு அடங்கியது. கழுத்து மெல்ல நிமிர்ந்தது, நிமிர்ந்துகொண்டே போனது. தலை கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே போய், தடுக்க ஒன்றுமில்லாமல் நின்றது.

"கொக்கு உட்கார்ந்துடுச்சு" என்றாள் நாத்தனார்.

நான் ஓட்டினேன். முற்றத்தைத் தாண்டி, ஈரமான மரங்கள் வரிசையாக நின்ற சாலையில். கிளைகளிலிருந்து சொட்டு சொட்டாக எங்கள்மேல் விழுந்தது. எப்போதும் ஒரே சீராக வாரிய அவருடைய முடி எழுந்து நின்றது. அவர் ஒழுகலையோ சத்தத்தையோ பற்றிப் பேசவில்லை. ஒரு வளைவில் கியரை மாற்றியபோது என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை.

"மழை வந்தா என்ன பண்றது?" என்று நானே கேட்டேன்.

"மழை வந்தா நீ கூரையைப் போட்டுக்க. நான் பஸ்ல வரேன்."

"நான் தனியா போறதுல உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். காற்று மிச்சத்தைக் கொண்டுபோய்விட்டது. அவருக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"தினமும் எட்டு மணிக்கு நீ தனியாத்தானே போகப் போற. அதுக்குத்தானே கார்" என்றார். "எனக்கு ஞாயித்துக்கிழமை போதும்." கொஞ்ச தூரம் போனதும், சாலையைப் பார்த்தபடியே, நான் பகலெல்லாம் பேசுகிற குரலை அப்படியே எடுத்துக்கொண்டு கேட்டார். "ஒண்ணா, ரெண்டா? யோசிக்காதீங்க. பார்த்ததும் சொல்லுங்க."

"ஒண்ணு" என்றேன். பச்சையை முதலில் பார்த்திருந்தோம்.

திரும்பி வந்து பேசி முடித்தோம். வண்டியை அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். பின்கண்ணாடியை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். சாவி என் கைக்கு வந்தபோதுதான் கணக்கு உதைத்தது. காரில் இரண்டு இருக்கை. நாங்கள் மூன்று பேர். கூட இரண்டு செடிகள்.

நானும் அவரும் ஏறி உட்கார்ந்ததும் நாத்தனார் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு காரருகே வந்து நின்றாள். அவர் வழக்கப்படி தங்கைக்காகக் கதவைத் திறந்து இறங்கப் போனார். என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது: நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் பின்னாடி வரேன். அதை எனக்கு நன்றாகத் தெரியும். கார் வாங்கிய முதல் நிமிடத்திலேயே அதிலிருந்து இறங்குவதற்கு நானே தயாராக இருந்தேன். என்னை யாரும் கேட்கக்கூட இல்லை. அந்த வாக்கியத்தை விழுங்கினேன். விழுங்குவதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"தொட்டியை அவர்கிட்ட குடு, மடியில வெச்சுக்குவார்" என்றேன்.

"நானு?"

"எதிர்லதான் பஸ் ஸ்டாப்."

நாத்தனார் என்னை உற்றுப் பார்த்தாள். "செடிக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையா அண்ணி?"

"செடி பேசாதுல்ல."

அவள் சிரித்துவிட்டாள். பெரிய தொட்டியை அவர் மடியிலும் சின்னதை அவர் காலடியிலும் வைத்து, இலைகளை ஒதுக்கி அவருக்கு ஒரு கண் தெரியும்படி செய்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள்.

மூன்றாவது சிக்னலில் ஒரு பஸ் எங்களை ஒட்டி வந்து நின்றது. தலைக்கு மேலே ஜன்னல் தள்ளப்படும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தது அவள்தான். வேனில் போயிருந்தால் அவள் பேசியது எங்களுக்குக் கேட்டிருக்காது.

"அண்ணா, தொட்டியைச் சாய்க்காதே" என்றாள் அவள், பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "அண்ணி கார்ல மண்ணு கொட்டும்."

அவர் தொட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். விளக்கு பச்சையானது. நான் முதல் கியரைப் போட்டேன்.