பித்தளை வைப்பர்

ஆவடி குவார்ட்டர்ஸில் கஜபதி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஃபேன் ஓடாது. கரண்ட் இருக்கும், அனுமதிதான் இருக்காது. கூடத்து மேஜையில் அவர் பொம்மைக் கார் செய்துகொண்டிருப்பார். பொம்மை என்றால் கோபம் வரும், ஸ்கேல் மாடல் என்று சொல்ல வேண்டும். மனைவி ஜெகதாம்பாள் அப்படியே சொல்லப் பழகியிருந்தாள். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தவும் பழகியிருந்தாள். கடுகு நெடியில் அவர் தும்மிவிட்டால் வாரக்கணக்கான வேலை பறந்துவிடும்.

நிஜமாகவே பறந்துவிடும். தபாலில் வந்த பித்தளைத் தகடு அவ்வளவு மெலிசு. அமிலத்தில் அரித்து கிரில், கதவுக் கைப்பிடி, வைப்பர் எல்லாம் அதில் உருவாக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் கத்தியால் நறுக்கி, சின்ன இடுக்கியால் பிடித்து மடித்து, ஊசி முனையில் பசை தொட்டு ஒட்ட வேண்டும். தொழிற்சாலையில் கனரக வாகனங்களைப் பரிசோதிக்கிற கஜபதி, வீட்டில் எறும்புத் தலையளவு கைப்பிடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் நிற்கும் தங்கள் பழைய நீலக் காரைத்தான் அச்சு அசலாகச் செய்துகொண்டிருந்தார். அந்தக் காரிலோ டிரைவர் பக்கத்து வைப்பர் உடைந்து ரெண்டு மழைக்காலம் போய்விட்டது.

“ஏங்க, இதை ஒட்டுற நேரத்துல அதை மாத்தியிருக்கலாமே?”

“அது எந்தக் கடையிலயும் கிடைக்கும் ஜெகதா. இது கிடைக்காது.”

பதிலில் அவளால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே எரிச்சல் கூடியது.

அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்கேல் மாடல் சங்கத்தின் போட்டி. அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. காரை எடுக்க முடியாது. பெட்டியைப் பச்சைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு கஜபதி ஜெகதாம்பாளோடு ஆட்டோவில் உட்கார்ந்தார்.

“அண்ணாத்தே, பள்ளத்துல இறக்காதீங்க.”

“பள்ளத்த உட்டா ரோடே இல்லியே சார். எதுல போறது?”

மண்டபத்தில் பெட்டியைத் திறந்தவர் வெளிறிப் போனார். டிரைவர் பக்கத்து வைப்பரைக் காணோம். தரையில் மண்டியிட்டுத் தேடினார். சுற்றியிருந்தவர்கள் செல்போன் டார்ச்சோடு தவழ்ந்தார்கள். ஜெகதாம்பாளை எழுப்பிப் புடவைக் கொசுவத்தை உதறச் சொன்னார்கள். ஈரப் புடவையிலிருந்து தண்ணீர்தான் விழுந்தது.

அதற்குள் நடுவர் ஜஸ்டின் வந்துவிட்டார். நெற்றியில் பூதக்கண்ணாடி, ஆபரேஷன் தியேட்டரில் பேசுகிற மாதிரி மெல்லிய குரல்.

“வைப்பர் ஒண்ணு குறையுதே சார்?”

கஜபதி இன்னும் மேஜைக்கடியில் தேடிக்கொண்டிருந்தார். ஜெகதாம்பாள்தான் பதில் சொன்னாள்.

“எங்க நிஜக் கார்லயும் அது கிடையாதுங்க! அதனாலதான் இப்படி நனைஞ்சு ஆட்டோவுல வந்து நிக்கிறோம்.”

புருஷனின் மானத்தை வாங்கிவிட்ட திருப்தியில் நிமிர்ந்து நின்றாள். ஜஸ்டினும் நிமிர்ந்தார்.

“போட்டோ இருக்காம்மா?”

இருந்தது. தங்கச்சிக்கு அனுப்பிப் புலம்புவதற்காக எடுத்தது. ஜஸ்டின் அதையும் மாடலையும் மாறி மாறிப் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

“நாமெல்லாம் ஷோரூம் காரைச் செய்யறோம். இவர் வாழ்ந்த காரைச் செஞ்சிருக்கார்.”

முதல் பரிசு கஜபதிக்கு. கைதட்டல் ஓய்வதற்குள் அவர் தேறிவிட்டார். “ஒட்டுறது யாருக்கும் வரும் தம்பி. எதை ஒட்டாம விடணும்கிறதுதான் கஷ்டம்,” என்று யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தது ஜெகதாம்பாள் காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு சங்கத்துக்காரர்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்து நீலக் காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். துருவைத் தடவி ரசித்தார்கள். “கழுவிடாதீங்க சார். ரிப்பேர் பண்ணவே கூடாது,” என்று ஜஸ்டின் கேட்டுக்கொண்டார். கஜபதி சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார். ஜெகதாம்பாள் எல்லாருக்கும் டீ கொடுத்தாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் மெக்கானிக் அமல்ராஜைக் கூப்பிட்டாள்.

“இன்னாக்கா, சார் ஒத்துக்கினாரா?”

“சாரை நான் பாத்துக்கறேன். ரெண்டு பக்கமும் புதுசா போடு. கையோட வண்டியக் கழுவி உட்டுடு.”

சாயங்காலம் கஜபதி காருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். திட்டுவார் என்று நினைத்தாள். அவரோ துக்க வீட்டுக்கு வந்தவர்போல உள்ளே வந்து, சாப்பிட்டு, படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மறுபடி மழை. திருவேற்காடு கோயிலுக்குக் காரிலேயே கிளம்பினார்கள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எதிரே வரும் ஷேர் வேன் நம்பர்கூடத் தெரிந்தது. பாதி வழி போனபிறகு கஜபதி பெருமூச்சு விட்டார்.

“ஜஸ்டின் கேட்டா என்ன சொல்றது ஜெகதா?”

“மழை பெய்யுதுன்னு சொல்லுங்க. முன்னாடி பாத்து ஓட்டுங்க.”