‘ஆடு’ என்னும் ஒரு சொல்

1

இக்கதை ஒரு மொழிபெயர்ப்புப் பிழையிலிருந்து பிறந்தது, பிழை என்னுடையது. நாற்பத்து நான்காம் வயதில், பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை வகுப்புக்குச் சென்று தமிழ் எழுதக் கற்றேன். அதன்பின் அச்சேறிய என் முதல் எழுத்து, கிள்ளானிலுள்ள ஒரு தீவனக் கடைக்காக மலாயிலிருந்து பெயர்த்த துண்டறிக்கை. செம்பனைப் பருப்பில் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் புண்ணாக்கை ஆடுகளுக்குப் பாதித் தீவனமாகக் கொடுக்கலாம் என்று எழுதினேன். அதில் ஒரு சந்திப்பிழைகூட இல்லை. (இதை இப்போதும் பெருமையோடுதான் சொல்கிறேன்.)

2

தொடக்கம்: கிள்ளானை அடுத்த மேருவில் வள்ளியம்மா என்பவர் ஆடு வளர்த்து வந்தார். அவரிடம் —

கைவிடுகிறேன். அதே சொல் மீண்டும் வந்துவிட்டது.

மறுதொடக்கம்: மேருவில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால், வள்ளியம்மா ஒன்பது வெள்ளாடுகளும் பன்னிரண்டு செம்மறிகளும் வளர்த்து வந்தார். என் துண்டறிக்கையைப் படித்து, எல்லாவற்றுக்கும் பாதிக்குப் பாதி புண்ணாக்கு கலந்தார். வெள்ளாடுகள் கொழுத்தன. மூன்றாம் மாதம் ஒரு செம்மறியின் கண் மஞ்சளாயிற்று, சிறுநீர் கறுத்தது, இரண்டே நாளில் இறந்தது. புண்ணாக்கிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலில் தேங்கி நஞ்சாகும் என்றார் கால்நடை மருத்துவர்.

3

மலாய் மூலத்தில் ‘கம்பிங்’ என்றிருந்தது. அது வெள்ளாட்டைக் குறித்தது. செம்மறிக்கு அங்கே ‘பிரி-பிரி’ என்று வேறு சொல் உண்டு. தமிழில் இரண்டுமே ஆடு. [இவ்விடத்தில் மொழியின்மேல் பழிபோடும் ஒரு பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன்.]

செம்மறி இறந்ததைக் கடைக்காரர் சொன்ன மறுநாள் நேரில் சென்றேன்.

“நீங்கதானா அந்த நோட்டீஸ் எழுதுனது?”

“ஆம், அக்கா. வெள்ளாடு என்று எழுதியிருக்க வேண்டும். மன்னியுங்கள்.”

“மன்னியுங்களா! நோட்டீஸ் மாதிரியே பேசுறீங்க லா.” பட்டியிலிருந்த செம்மறிகளைக் காட்டினார். “அப்ப இதெல்லாம் என்னா, மாடா?”

நான் செம்மறிகளை எண்ணினேன். பதினொன்று.

“மூணு தடவ படிச்சேன். இவ்ளோ அழகா எழுதியிருக்காங்களே, தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்.”

என் உரைநடைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

4

எஞ்சிய துண்டறிக்கைகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டேன். வள்ளியம்மா புண்ணாக்கை நிறுத்திவிட்டார். ஆனால் முன்பே தேங்கிய நஞ்சு எந்தச் செம்மறியிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாதாம். இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வியாழக்கிழமை வரும்.

முடிவு அ: பதினொன்றும் பிழைத்தன. வள்ளியம்மா புன்னகையுடன் —

முடிவு ஆ: வியாழன் காலை, பட்டியின் கதவைத் திறந்தபோது —

இரண்டையும் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இடையில் நிறுத்தச் சொன்னார்.

“கதையில என் செம்மறிங்கள சாகடிச்சிராதீங்க, பாஸ். பொழைக்கவும் வெச்சிராதீங்க. நீங்க எழுதுனா நான் அதையும் நம்பிருவேன்.”

ஆகையால் முடிவு எழுத மறுக்கிறேன். இன்று செவ்வாய். பதினொன்றும் புல் தின்கின்றன.