ஆறு நிறுத்தங்கள்

பொழுது விடிகிற நேரத்திலேயே கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் பதினான்கு பெண்கள் குனிந்து நின்றார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. மூக்கை மறைத்து ஒரு துண்டு. தலைக்கு மேலே சுரங்கத்துக் கரி அனல்மின் நிலையத்தை நோக்கி ஓயாமல் ஓடியது. ஓரங்களில் சிந்திய ஈரக் கரி, பெல்ட்டைத் தாங்கும் உருளைகளுக்கு அடியில் மேடு கட்டி நின்றது. அதை மண்வெட்டியால் வெட்டி, சட்டியில் வாரி, மறுபடியும் பெல்ட்டிலேயே கொட்ட வேண்டும். எட்டு மணி நேரமும் இதுதான். இடுப்பு நிமிர்ந்தால் மேஸ்திரி சுதாகரின் குரல் வந்துவிடும்.

தள்ளி நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்தாள் தமிழ்மொழி. கம்மாபுரத்துப் பக்கத்துப் பெண். எம்.பி.ஏ. படிப்பின் இன்டர்ன்ஷிப்புக்காக, கோபாலகிருஷ்ணனின் கான்ட்ராக்ட் கம்பெனிக்கு எட்டு வாரம் வந்திருந்தாள். சுரங்கத்தில் கரி வாரும் ஆட்களை அனுப்புவது அவருடைய கம்பெனி.

பெல்ட்டை ஒட்டி ஒரு கயிறு போகும். இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். ஒரு ஷிப்ட்டில் பெண்கள் ஆறு முறை அதை இழுத்தார்கள். பெல்ட் நின்ற பிறகே உருளைப் பக்கம் போனார்கள். மூன்று வாரம் பார்த்துவிட்டு, நிறுத்துவதில் நேரம் வீணாகிறது, ஆறு நிறுத்தத்தை இரண்டாகக் குறைக்கலாம் என்று தமிழ்மொழி அறிக்கை எழுதினாள். தன்னிடம் வேலை செய்கிறவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பவரே நல்ல தலைவர் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள்தான். அந்த மூன்று வாரத்தில் ஏன் ஆறு முறை நிறுத்துகிறீர்கள் என்று ஒருத்தியிடமும் அவள் கேட்கவில்லை.

கோபாலகிருஷ்ணனுக்கு அறிக்கை ரொம்பப் பிடித்துப்போனது. அன்றைக்கே அதில் கையெழுத்துப் போட்டு உத்தரவாகக் கீழே அனுப்பினார். மூன்றாவது முறை கயிற்றை இழுப்பவள் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சுதாகர் சொன்னான். ஓடுகிற உருளைக்கு அடியில் எப்படி வாருவது என்று சத்யா கேட்டாள். அந்தக் குழுவில் துணிந்து பேசுகிறவள் அவள்தான். மேடம்தான் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று சுதாகர் தமிழ்மொழியைக் கைகாட்டினான். சத்யா நிமிர்ந்து பார்த்தாள். தமிழ்மொழி காகிதத்தைப் பார்த்துக்கொண்டாள்.

நான்காம் நாள் மழை தூறியது. கரி களியாக ஒட்டியது. இரண்டு நிறுத்தமும் முடிந்திருந்தன. கடைசி உருளையில் கரி அடைத்துப் புகைந்தபோது, வாரும்படி சுதாகர் கத்தினான். பதினான்கு பேரில் ஒருத்தியான சாமியம்மாள் குனிந்து மண்வெட்டியை நீட்டினாள். உருளை மண்வெட்டியைப் பிடுங்கியது. கூடவே சட்டைக் கையையும் சுருட்டி இழுத்தது. அவள் அலறியது பாதிதான் கேட்டது. தோள் இரும்பில் மோத, எலும்பு முறியும் சத்தம் பெல்ட்டின் இரைச்சலையும் மீறி எழுந்தது. சத்யா பாய்ந்து கயிற்றில் தொங்கினாள். அதன் பிறகும் பெல்ட் சில அடி ஓடித்தான் நின்றது. அதற்குள் சாமியம்மாளின் வலது கை முழங்கைக்கு மேல் அறுந்து உருளைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. தமிழ்மொழியின் முகத்தில் ரத்தம் சூடாகத் தெறித்தது.

கம்பெனி வண்டி சாமியம்மாளை ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பைக்கில் போகையில் விழுந்துவிட்டாள் என்று சொல்லிச் சேர்த்தார்கள். மாலையில் கோபாலகிருஷ்ணன் தமிழ்மொழியைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரியில பைக்குன்னு சொல்லியாச்சு. அது நிக்காட்டி, ஓடற பெல்ட்டுல தொடக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கோம். சாமியம்மா மீறிப் போயி கைய வுட்டுட்டா. கூட நின்ன ஆளு நீ. அப்படியே எழுதிக் குடு."

"நிறுத்தக் கூடாதுன்னு சொன்னது நாமதான சார்."

"யாரு நாம? எழுதுனது நீ. வெளிய வந்தா உன் பேருதான் நாறும். எழுதிக் குடுத்துட்டு சர்ட்டிபிகேட்ட வாங்கிகினு போயிடு."

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் கையெழுத்து இருந்த அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு நேராகக் கான்ட்ராக்ட் ஆட்களின் கொட்டகைக்குப் போனாள். பெல்ட்டை நிறுத்தாமல் விட்டதற்குத் தன் அறிக்கைதான் காரணம் என்று எல்லோர் எதிரிலும் சொன்னாள். சத்யா எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். உதடு கிழிந்தது.

"மூணு வாரம் எங்க பக்கத்துலயே நின்ன. ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல."

சத்யாவுக்கு மூச்சு வாங்கியது. பிறகு காகிதத்தின் அடியில் விரல் வைத்தாள்.

"இது அந்தாளு கையெழுத்தா?"

"ஆமாக்கா."

"அப்ப மொதல்லேர்ந்து படி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

படித்தாள். அதன் பிறகுதான், கேட்க வேண்டியதைக் கேட்டாள். பெண்கள் சொன்னார்கள். எந்த உருளையில் கரி எவ்வளவு நேரத்தில் சேரும், எது முதலில் சூடேறும் என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது. மழை நாளில் ஆறு நிறுத்தமும் போதாது, எட்டு வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, அடியில் தானும் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் யாரும் பெல்ட்டுக்கு அடியில் இறங்குவதில்லை என்று முடிவானது. மற்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேதி போனது.

விடியற்காலையில் மீதிப் பதின்மூன்று பெண்களும் தமிழ்மொழியும் சுரங்க வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். ஆறு மணிக்குள் நாற்பது பேர் ஆனார்கள். கோபாலகிருஷ்ணன் காரைவிட்டு இறங்கி, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"சாமியம்மாவுக்கு வேலையிலதான் கை போச்சுன்னு எழுதுங்க," என்றாள் சத்யா. "ஓடற பெல்ட்டுக்கு அடியில இனிமே ஆள் எறங்காது."

"நாளைக்கே வேற ஆள் எறங்கும். கம்மாபுரத்துல ஆளா இல்ல?"

"அந்த ஆளுங்களும் இங்கதான் குந்திகினு இருக்காங்க."

அவர் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆட்கள் இரும்புக் குழாய்களோடு குதித்தார்கள். முதல் அடி தமிழ்மொழியின் தோளில் விழுந்தது. காறை எலும்பு உடைந்து அவள் சாய்ந்தாள். அடுத்த அடி தலையில் இறங்குவதற்குள் சத்யா அவள்மேல் கவிழ்ந்து படுத்தாள். அது சத்யாவின் முதுகில் இறங்கியது; அடுத்தது பின்மண்டையைப் பிளந்தது. பெண்கள் கரிக்கட்டிகளை எடுத்து எறிந்தார்கள். குழாய் பிடித்த கையைக் கடித்தார்கள். வேனில் வந்தவர்கள் ஒருத்தியைத் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள். மற்றவர்கள் அவள் காலைக் கட்டிக்கொண்டு கூடவே இழுபட்டார்களே தவிர, விடவில்லை. தரையில் கரியும் ரத்தமும் குழைந்தன. பெண்கள் கைகளைக் கோத்துக்கொண்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். அடித்தவர்கள்தான் மூச்சு வாங்கிப் பின்வாங்கினார்கள்.

சத்யாவின் மண்டைக் காயத்தை ஒருத்தி துண்டால் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு அவளும் தமிழ்மொழியும் மறுத்துவிட்டார்கள். வாருவதற்கு ஆளில்லாமல் கரி அடைத்து, பத்து மணிக்கு மேல் பெல்ட் தானாகவே நின்றுபோனது. போலீஸ் ஜீப் ஒன்று வந்து தூரத்தில் நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை.

மதியம் இரண்டாம் ஷிப்ட் பஸ் வந்தது. உள்ளே வேறொரு கம்பெனியின் ஆட்கள். பக்கத்து வழியாக உள்ளே போகும்படி சுதாகர் டிரைவருக்குக் கை காட்டினான். குழாய்க்காரர்கள் பஸ்ஸின் இரண்டு பக்கமும் போய் நின்றார்கள். பஸ் அசையவில்லை. இன்ஜின் சத்தம் நின்றது. கதவு திறந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். குழாய்களுக்கு நடுவே, யாரையும் பார்க்காமல் நடந்து வந்தார்கள்.

முன்னால் வந்தவன் சத்யாவின் தலைக்கட்டைப் பார்த்தான். தமிழ்மொழியின் தொங்கும் தோளைப் பார்த்தான்.

"நாங்க எங்க குந்தறது?" என்று கேட்டான்.

சத்யா நகர்ந்து உட்கார்ந்தாள்.