சட்டையின் வலது கை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது. பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். பாதிக் கதையை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படித் தூங்குவது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: "லாரி காயம்பட்ட மிருகத்தைப் போல மூச்சு வாங்கி—" அடித்துவிட்டேன். லாரி லாரியைப் போலத்தான் மூச்சு வாங்கும்.

அடுத்தது: "பட்டறை முழுக்க டீசல் வாசனை—" வேறு எந்த வாசனை அடிக்கும்?

சரி, நேராகவே சொல்கிறேன். லாரி அக்காவுடையது. அவள்தான் ஓட்டுகிறாள். அதைப் பழுது பார்ப்பவர் மாமா, அவள் புருஷன். வீட்டை ஒட்டியே அவருக்குப் பட்டறை இருக்கிறது.

2

கல்குவாரிக்குப் போகும் லாரி தூசியைத்தான் தின்னும். இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் வாய் சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக இருந்தது. மாமா அங்கிருந்து ஒரு குழாயைக் கேபினுக்குப் பின்னால் ஏற்றி, கூரைக்கு மேலே கொண்டுபோக முடிவு செய்தார். மேலே தூசி குறைவு. அதோடு காற்று போகிற வழியில் இருந்த பாகங்களையும் கழற்றி, டீசலில் ஊறவைத்து, பிரஷ்ஷால் கரியைத் தேய்த்து எடுத்தார்.

(இன்ஜினைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தப்பிருந்தால் மாமாவிடம் கேளுங்கள்.)

பாகங்களைக் கழற்றினால் இன்ஜினில் ஓட்டைகள் திறந்து கிடக்கும். உள்ளே எதுவும் விழாமல் துணி அடைப்பார்கள். மாமா கண்ட துணியையும் எடுக்க மாட்டார். ஒரே ஒரு பழைய சட்டையை எடுத்து, பொத்தான்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, துண்டு துண்டாகக் கிழிப்பார். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் உருவி, தரையில் மறுபடி சட்டையாகப் பரப்பிப் பார்ப்பார். சட்டை முழுசாக இருந்தால்தான் மூடுவார். ஒரு துண்டு உள்ளே தங்கி இன்ஜின் அதை இழுத்துக்கொண்டால் அதோடு கதை முடிந்தது. லாரியின் கதையைச் சொல்கிறேன்.

அன்றைக்குக் குவாரிக்காரர் போன் மேல் போன் போட்டார். அவசரத்தில் மாமா முதலில் மூடிவிட்டு, அப்புறம் சட்டையைப் பரப்பினார்.

வலது கையைக் காணோம்.

3

மாமாவை என்னால் சரியாக எழுத முடியவில்லை. தங்கமான மனுஷன். ஆனால் 'மறந்துட்டேன்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. போன மழைக்காலத்தில் குழாயை இறுக்கும் ஒரு கிளிப்பை முறுக்கினோமா இல்லையா என்ற சந்தேகத்தோடேயே வண்டியை அனுப்பிவிட்டார். நடுவழியில் குழாய் கழன்று, அக்கா லோடோடு பகல் முழுக்க ரோட்டில் நின்றாள். கேட்டதற்கு, "கிளிப்பு மட்டமான சரக்கு" என்றார்.

அப்போதும் அக்கா கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

"சந்தேகம்னா சொல்லிடுங்க. வண்டிய எடுக்காம நான் இறங்கிக்கறேன். இன்னொரு தடவ மறைச்சீங்கன்னா வண்டிய வேற பட்டறைக்கு விட்டுடுவேன்."

சொந்தப் பெண்டாட்டியின் வண்டி வேறு பட்டறையில் நின்றால் மாமா எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே நடமாடுவார்?

4

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்தத் துணி அக்காவின் தலையில் இருந்தது. குழாயைப் பிடித்துக்கொள்ள மாமா கூப்பிட்டபோது, முகத்தில் விழுந்த முடியைக் கீழே கிடந்த துணியால் கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் தொப்பி.

கேபினில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பக்கக் கண்ணாடியில் மாமாவைப் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தரையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. தொப்பிக்குள் விரலை விட்டுத் தொட்டும் பார்த்துக்கொண்டாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?" என்றேன்.

"சொன்னா சிரிச்சிட்டுப் போயிருப்பாரு. எனக்குச் சிரிப்பு வேணாம்டா. அவரா வாயத் திறக்கணும்."

இவ்வளவு அழுத்தக்காரியா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு தடவை எழுதும்போது தொப்பியைக் கழற்ற வைத்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. மறுபடி மாட்டிவிட்டேன்.

சாவியில் கை வைத்தபடி அவள் ஜன்னல் வழியே கேட்டாள்: "என்னங்க, எல்லாம் சரியா இருக்கா? ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

மாமா சட்டையைப் பார்த்தார். புதுக் குழாயைப் பார்த்தார். போன் மறுபடி அடித்தது.

5

முடிவு ஒன்று: "இரு. ஒரு துணியக் காணோம். பாக்க மறந்துட்டேன்" என்கிறார் மாமா. அக்கா தொப்பியைக் கழற்றுகிறாள்.

முடிவு இரண்டு: மாமா தலையாட்டுகிறார். வண்டி அருமையாகக் கிளம்புகிறது. லோடை இறக்கிவிட்டு அக்கா வேறு பட்டறைப் பக்கம் திருப்புகிறாள்.

முடிவு மூன்று: மாமா ஓடிவந்து சாவியை— இல்லை, அவர் ஓடுகிற ஆள் இல்லை.

அக்கா நிறுத்தியது இந்த இடத்தில்தான். பொறுக்க முடியாமல் போன் போட்டேன்.

"என்னதான்க்கா ஆச்சு? மாமா சொன்னாரா, இல்லையா?"

போனில் டங் டங் என்று சத்தம் கேட்டது. பின்னால் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அது மாமாவின் பட்டறையா, வேறு பட்டறையா என்று போனில் எப்படித் தெரியும்?

"சொன்னாருன்னே எழுதுடா" என்றாள்.

அக்கா சொன்னபடி முதல் முடிவையே வைக்கிறேன். அந்தச் சுத்தியல் சத்தம் வேறு பட்டறையிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்தால், இந்த முடிவை அடித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளுங்கள்.