இருநூற்றுப் பத்தாவது மேற்கோள்

கணினி ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்றுதான் டாக்டர் ஹனியா முதலில் நினைத்தாள்.

செங்கல்பட்டை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அவள் நரம்பியல் உதவிப் பேராசிரியர். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவளுடைய ஆய்வுக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். நோன்பு மாதத்தில் பார்த்தபோது ஒன்பது. இன்று காலை இருநூற்று ஒன்பது.

சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. மேற்கோள் காட்டிய கட்டுரை ஒன்றைத் திறந்தாள். கேள்விப்பட்டிராத பத்திரிகை, கேள்விப்பட்டிராத பெயர்கள். உள்ளே ஒரு வரி: ‘ஆறு மாதம் வலிப்பு வராத மீனவர்கள் கடலுக்குத் திரும்பலாம்.’ ஆதாரம், ஹனியா.

அவள் எழுதியது இதற்கு நேர்மாறானது. புதுப்பட்டினம் கரையில் வருடக்கணக்கில் அலைந்து, ஆறு மாதத்தை நம்பிப் போனவர்கள் எப்படித் தண்ணீரில் விழுந்தார்கள் என்று விசாரித்து, அனுப்பவே கூடாது என்று முடித்திருந்தாள். அடுத்த கட்டுரையைத் திறந்தாள். அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே வரி.

சிறுசேரியில் மென்பொருள் வேலையில் இருக்கும் கணவன் ஜுனைதைப் போனில் கூப்பிட்டு, கல்லூரியில் யாரோ தனக்குக் குழி பறிக்கிறார்கள் என்றாள். அவன் சிரித்தான்.

“யாரும் பறிக்கல. என் கிஃப்ட்மா அது. ஒரு ஏஜென்சி கீது, அவங்களே கட்டுரை எழுதி உன் பேரைச் சேத்துடுவாங்க. எரநூறு சைட்டேஷன் ஒரு பேக்கேஜ். போன வாரமே முடிச்சுக் குடுத்துட்டாங்க.”

“விலைக்கா வாங்குனீங்க, மச்சான்?”

“யூடியூப்புக்கு லைக் வாங்கறதில்ல? நம்பரைத்தான் பாப்பாங்க. உள்ள எவன் படிக்கப் போறான்?”

பதில் சொல்வதற்குள், அவள் நோயாளிகளைப் பார்க்கும் அறையின் கதவு தட்டப்பட்டது. அம்சா வந்திருந்தாள். அவள் கணவன் கலையரசன் ஹனியாவின் நோயாளி, மீனவன். வலிப்பு வந்த பிறகு கரையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். மாத்திரை வாங்க எப்போதும் அவனும் வருவான். இன்று அவள் மட்டும். எங்கே அவர் என்று ஹனியா கேட்டாள்.

“கடலுக்குப் போய்க்கீறாரு டாக்டரம்மா. இன்னிக்குத்தான் மொதல் தபா. எங்கூரு கிளினிக் டாக்டரு போன்ல தேடிப் பாத்தாரு. ஆறு மாசம் தாண்டினா போலாம்னு நெறைய பேரு எழுதிக்கீறாங்களாம். உங்க பேரையே காட்டினாரு. அப்பால இன்னா பயம்?”

நோயாளிகளைப் பக்கத்து அறை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, அம்சாவைக் காரில் ஏற்றினாள் ஹனியா. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அம்சா கணவனுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. எதற்கு இந்த அவசரம் என்று ஒருமுறைதான் கேட்டாள். ஹனியா சொன்னாள். அம்சா மறுபடியும் போனை எடுத்தாள்.

புதுப்பட்டினத்தில் பாதிப் படகுகள் திரும்பி, மீன் ஏலம் போய்க்கொண்டிருந்தது. கலையரசன் போன பைபர் படகு வரவில்லை. கூடப் போனவர் ராஜாராம் ஒருவர்தான். காற்று மாறியிருக்கிறது, வந்துவிடுவார்கள் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். அந்தப் படகு கண்ணில் பட்டபோது ஹனியா தண்ணீர் ஓரத்துக்கு நடந்தாள்.

படகில் ஒரே ஒருவர்தான் நின்றிருந்தார்.

அம்சா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

படகு கரை தட்டியதும் ஹனியா முழங்கால் தண்ணீரில் ஓடிப் போய் எட்டிப் பார்த்தாள். வலைக் குவியலின் மேல் கலையரசன் கிடந்தான். மறுபடி விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. கடித்த நாக்கிலிருந்து ரத்தம் வழிந்திருந்தது. மூச்சு இருந்தது.

“வலை இழுக்கறப்போ வலிப்பு வந்து கடல்ல விழுந்துட்டான். முடிதான் கைல ஆப்டுச்சு. அதைப் புடிச்சுத்தான் இழுத்தேன்” என்றார் ராஜாராம்.

கலையரசன் கண் திறந்தான். “நீங்கதான் போலாம்னு எழுதினீங்களாமே, டாக்டரம்மா.”

“நான் அப்படி எழுதலண்ணே.”

“பின்ன யாரு எழுதினது?”

ஆம்புலன்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போனிலேயே கடிதத்தைத் தொடங்கினாள். கல்லூரி முதல்வருக்கும் அந்தப் பத்திரிகைகளுக்கும், அந்த இருநூறு மேற்கோளும் காசுக்கு வாங்கிய பொய் என்று. வாங்கியது யார் என்பதையும் எழுதினாள். நடுவில் ஜுனைத் கூப்பிட்டான். நடந்ததையும் கடிதத்தையும் பற்றிச் சொன்னாள். கடிதம் மட்டும் வேண்டாம், அவள் வேலையே போய்விடும் என்று கெஞ்சினான்.

கட்டுரைகளின் பட்டியலைக் கடிதத்தோடு இணைக்க அவள் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தாள்.

“மச்சான், நீங்க வாங்கினது எரநூறுதானே?”

“ஆமா. ஏன்?”

திரையில் இருநூற்றுப் பத்து. புதியது ஏஜென்சி எழுதியதல்ல. ஏதோ தூர தேசத்துக் கடற்கரை நகரம், நிஜமான மருத்துவமனை, நிஜமான டாக்டர்கள். மீனவர்களுக்கான ஆலோசனை அது: ஆறு மாதம் போதும். ஆதாரம், ஹனியா.

ஜுனைத் பேசிக்கொண்டிருக்கும்போதே கடிதத்தை அனுப்பினாள். பிறகு அந்த மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைத் தேடத் தொடங்கினாள். அங்கே இப்போது படகுகள் கிளம்பும் நேரமா என்று அவளுக்குத் தெரியவில்லை.